புதுப்பிப்பு: நிழலால் பூமியை அளக்கும் இருநாட்டு வகுப்பு – துணைப்பள்ளி எங்கே இருக்க வேண்டும்?

இரண்டு நாட்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் ஒரு மீட்டர் கம்பின் நிழலை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிடும் முறையை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். சுருக்கமாக: உச்சிவேளையில் நிழலின் நீளத்தையும் கம்பின் உயரத்தையும் வைத்துச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம்; இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசம் 360 டிகிரியில் எத்தனை பங்கோ, ஊர்களுக்கு இடையிலான வடக்கு-தெற்குத் தூரமும் சுற்றளவில் அத்தனை பங்கு. சென்னைக்கு யாழ்ப்பாணம் துணையாகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

மொழியும் நேரமும் ஒன்றுதான், வேறு திட்டங்களுக்கு அருமையான ஜோடி. ஆனால் இதற்கு வேண்டாம். அட்சரேகை வித்தியாசம் சுமார் 3.4 டிகிரிதான், ஒரு கம்பு வடக்கே 1 டிகிரி சாய்ந்தாலே விடை ஏறக்குறைய 30 சதவீதம் பிசகும். காத்மாண்டு என்றால் வித்தியாசம் 14.6 டிகிரி, அதே சாய்வுக்குப் பிழை 7 சதவீதம்தான். எப்படியும் தூக்குக்குண்டு பிடித்துக் கம்பை நிறுத்துங்கள்; தரைக்கு ரசமட்டம் வையுங்கள்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் சென்னையில் உச்சிவேளை 12.01, காத்மாண்டுவில் அவர்கள் நேரப்படி 11.56. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச் சமநாளிலோ சென்னையில் 12.16! ஆகவே கடிகாரத்தை நம்பாமல், முன்னும் பின்னும் 20 நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை எடுங்கள். சென்னையில் சுமார் 23 செ.மீ., அங்கே 52 செ.மீ. வரும். நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும்; மங்கலின் நடுவை அளப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் தூரம். வரைபடம் காட்டும் 1,700 கி.மீ. சாய்கோடு. வேண்டியது வடக்கு-தெற்குத் தூரம், சுமார் 1,620. அதை 360 ஆல் பெருக்கி, கோண வித்தியாசமான 14.6 ஆல் வகுத்தால் 40,000 கி.மீ.யை ஒட்டி வரும்.