பெயர்ச்சீட்டு வெளுத்துப்போன கள்ளிச்செடிகளை அடையாளம் காண உதவி தேவை

கேள்வி: தாம்பரம் மாடி

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் மொட்டைமாடியில் வளர்த்துவந்த 34 கள்ளித் தொட்டிகள், அவர் மறைந்தபின், சென்ற தை மாதம் என் பொறுப்புக்கு வந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிச் செருகியிருந்தார். வெயிலில் எழுத்து முழுவதும் வெளுத்துவிட்டது. அவர் அறிந்து சொன்ன பெயர்களை மீட்க வேண்டும் என்பதே என் முதல் ஆசை.

குழப்பம் தரும் சிலவற்றை மட்டும் விவரிக்கிறேன். ஒன்று, கைப்பிடி அளவு உருண்டை. பொன்னிற முட்கள், உடலில் வரம்புகள் இல்லாமல் குமிழ் குமிழாக இருக்கிறது. இரண்டாவது, நாற்பட்டைத் தண்டு, இரட்டை இரட்டையாக முட்கள். தொட்டியை நகர்த்தும்போது அடிபட்டு வெள்ளைப் பால் வடிந்தது. மூன்றாவது, முப்பட்டைப் பச்சைத் தண்டின் தலையில் சிவப்புப் பந்து. அது நாளுக்கு நாள் சுருங்குகிறது. நான்காவது, சுற்றிலும் குட்டிகள் விட்ட உருண்டை. மே மாதத்தில் ஓர் இரவு நீண்ட குழலுடன் வெள்ளைப் பூ விரிந்து, மறுநாள் நண்பகலுக்குள் வாடியது. ஐந்தாவது, முள்ளே இல்லாத, பென்சிலைவிட மெல்லிய பச்சைக் கொடிகள் தொங்கும் ஒரு செடி. இது கள்ளிதானா என்றே தெரியவில்லை.

இவை தவிர, ஆகஸ்ட் மழையில் ஒரு செடியின் அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: கோவை முள்தோட்டம்

வணக்கம் அம்மா. பெரியப்பாவின் செடிகளை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை.

முதலில், முட்கள் கிளம்பும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கள்ளிக் குடும்பத்துச் செடி ஒவ்வொன்றிலும் அங்கே சிறு பஞ்சு மெத்தை போன்ற ஒரு திட்டு இருக்கும். அதை அரியோல் என்பார்கள். முள்ளும் பூவும் கிளையும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். உங்கள் இரண்டாவது செடியில் அந்தத் திட்டு இருக்காது. அது யூபோர்பியா, நம் ஊர் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியின் உறவு. தமிழில் இரண்டையும் கள்ளி என்றே அழைத்தாலும், தாவரவியலில் அவை வெவ்வேறு குடும்பங்கள். திருகுகள்ளியும் இலைக்கள்ளியும் யூபோர்பியாவே, சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த உண்மையான கள்ளி. ஆனால் பால் வடிவதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், உண்மையான கள்ளிகளான மாமில்லேரியாக்கள் சிலவற்றிலும் பால் உண்டு. யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

குமிழ் உருண்டையைப் பலரும் மாமில்லேரியா என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது இளம் தங்கப் பீப்பாய்க் கள்ளியாக, அதாவது எக்கினோகாக்டஸ் குரூசோனியாக, தோன்றுகிறது. மெக்சிகோவைச் சேர்ந்த அந்தச் செடி இளமையில் குமிழ்களோடுதான் இருக்கும். வளர வளரக் குமிழ்கள் நெடுக்காக இணைந்து வரம்புகளாகும். உச்சியில் மஞ்சள் கலந்த பஞ்சு இருக்கிறதா, முட்கள் எல்லாம் ஒரே மஞ்சளில் தடிமனாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாமில்லேரியா என்றால் பூக்கள் குமிழ்களின் நுனியில் வராமல் இடுக்குகளிலிருந்து, உச்சியைச் சுற்றி வளையமாக வரும்.

இரவில் பூத்தது எக்கினோப்சிஸ். ஐயம் இருந்தால் அடுத்த முறை பூவை மேலிருந்து மட்டும் படம் எடுக்காமல் பக்கவாட்டிலும் எடுங்கள். எக்கினோப்சிஸின் குழல் மயிர் படர்ந்திருக்கும். உருவத்தில் அதைப்போலவே தெரியும் ஜிம்னோகாலிசியத்தின் குழலில் வழுவழுப்பான செதில்கள் மட்டுமே இருக்கும். நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் எக்கினோப்சிஸ் பலவும் கலப்பினங்கள் என்பதால், பேரினப் பெயரோடு நின்றுவிடுவதே நேர்மை. தெரியாத சிற்றினப் பெயரை ஊகித்து எழுதினால், பின்னால் வருபவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார்.

சிவப்புப் பந்து ஒட்டுச்செடி. மேலே இருப்பது ஜிம்னோகாலிசியத்தின் பச்சையம் இல்லாத வகை. தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்க முடியாததால், கீழே உள்ள டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டப்பட்டு வாழ்கிறது. ஒட்டு சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவது இயல்பு, அது உங்கள் பிழையன்று.

மழைக்கு முன் எல்லாத் தொட்டிகளின் மண்ணையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 2: வேளச்சேரி

மேலே சொன்ன அடையாளங்கள் அனைத்தும் சரி. கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இந்த ஊரில் அக்டோபர் வந்துவிட்டால் காற்றில் ஈரம் குறையவே குறையாது. இப்போது 34 செடிகளின் வேர்களையும் கலைத்தால், அறுந்த வேர் ஆறுவதற்குள் அழுகல் புகுந்துவிடும். நோயுற்றவற்றுக்கு மட்டும் இப்போது மண் மாற்றுங்கள். மற்றவை பிப்ரவரி வரை காத்திருக்கட்டும்.

மெத்தென்று ஆன செடியை இன்றே எடுத்துவிடுங்கள். சாராயத்தில் துடைத்த கத்தியால் கீழிருந்து மெல்லிய வட்டங்களாக அறுத்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு அறுப்புக்கும் கத்தியை மீண்டும் துடையுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத நிலை வந்ததும் நிறுத்தி, நிழலில் பத்து நாள் காயவிட்டு, உலர்ந்த மணல்மேல் உட்கார வையுங்கள். வேர் தலைகாட்டும் வரை தண்ணீர் கூடாது. கழித்த வேர்களில் சுண்ணாம்பு தூவியது போன்ற வெண்பொடி தெரிந்தால், அது வேர் மாவுப்பூச்சி. அந்த மண்ணை வேறு எந்தத் தொட்டியிலும் போட வேண்டாம்.

கடைகளில் செடியோடு வரும் தென்னை நார்க்கழிவு சென்னைக்கு ஒவ்வாது. மேலே உலர்ந்து, உள்ளே வாரக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். நான் ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு, தூள் சலித்து நீக்கிய பருமணலும் செங்கல் சில்லும் கலக்கிறேன். பத்து ஆண்டுகளில் என்னிடம் அழுகிய செடிகளை எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லாமே பழைய நார்க்கழிவை வேரிலிருந்து நீக்காமல் நட்டவை.

மழைக்காலத்துக்கு ஒளி ஊடுருவும் தகடால் கூரை அமையுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். மழையைப் போலவே தேங்கிய காற்றும் கொல்லும். ஒட்டுச்செடிக்கு மட்டும் தனிக் கணக்கு: அடித்தண்டு வெப்பமண்டலக் கொடி என்பதால், மற்றவற்றைவிட அடிக்கடி தண்ணீரும் சற்று நிழலும் கேட்கும். அதைப் பாலைவனச் செடிகளோடு காயவிட்டதால்தான் பந்து சுருங்குகிறதோ என்று நினைக்கிறேன்.

பதில் 3: கண்டியிலிருந்து

ஐந்தாவது செடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது ரிப்சாலிஸ் என்றே படுகிறது, கள்ளிதான். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற இனம் எங்கள் இலங்கைக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றித் தொங்குவது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வாழும் ஒரே கள்ளி அதுவே. சிறிய வெண்பூக்களுக்குப் பின் முத்துப் போன்ற வெள்ளைப் பழங்கள் வந்தால் உறுதி செய்துகொள்ளலாம். இது வெயிலில் மற்றவற்றோடு நிற்கக் கூடாது. மரநிழலில் தொங்கவிட்டு, மண் முற்றிலும் காய்வதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்: தாம்பரம் மாடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அழுகிய செடியின் தொட்டியைக் கவிழ்த்தபோது, மண்ணுக்கு நடுவே இன்னொரு பட்டை புதைந்திருந்தது. பென்சிலால், பெரியப்பாவின் கையெழுத்தில், "நோட்டோகாக்டஸ் மாக்னிஃபிகஸ், 2009" என்று தெளிவாக இருக்கிறது. எல்லாத் தொட்டிகளிலும் இப்படி வைத்திருப்பாரா? மேல்பாதி நல்ல நிலையில் பிழைத்திருக்கிறது, காயவைத்திருக்கிறேன்.

பதில் 1: கோவை முள்தோட்டம்

பழைய வளர்ப்பாளர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. மார்க்கர் வெளுக்கும், பென்சில் வெளுக்காது. ஆனால் தேடுவதற்காகத் தொட்டிகளைக் கிளறாதீர்கள், வேளச்சேரி நண்பர் சொன்னதே சரி. பிப்ரவரியில் மண் மாற்றும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். நோட்டோகாக்டஸ் இப்போது பரோடியா என்ற பேரினத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் தேடும்போது பரோடியா மாக்னிஃபிகா என்று தேடுங்கள். தெற்கு பிரேசிலின் செடி. நீலப்பச்சை உடல், வரம்புகளின் விளிம்பில் மென்மையான பொன்முட்கள், மஞ்சள் பூ. புதுப் பட்டையில் இரண்டு பெயர்களையும் பென்சிலால் எழுதி, பெரியப்பாவின் பட்டையையும் அதே தொட்டிக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.