14 யூனிட் போட்டும் சுகர் இறங்கவில்லை: பூனைக்கு பிட்யூட்டரி கட்டி, அடுத்து என்ன?

மீசைக்காரன் கேட்டது:

கருத்தடை செய்த ஆண் பூனை, வயது 11, எடை 6.4 கிலோ. சர்க்கரை நோய் என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 1 யூனிட்டில் ஆரம்பித்து இப்போது வேளைக்கு 14 யூனிட். அப்படியும் சுகர் 400-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இந்த நோயில் இளைக்கத்தானே வேண்டும்? இவனோ 5.6 கிலோவிலிருந்து ஏறியிருக்கிறான், எவ்வளவு வைத்தாலும் தட்டைக் காலி செய்கிறான். போன வாரம் ரத்தத்தில் எடுத்த ஐஜிஎஃப்-1 (வளர்ச்சியோடு தொடர்புடைய ஹார்மோன்) அளவு 1,640 நானோகிராம்/மி.லி. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

இந்த ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு செய்யலாமா? ஆபரேஷன், ரேடியேஷன், மருந்து மூன்றில் எது? அதுவரை 14 யூனிட் போடுவது ஆபத்தா?

வெள்ளைவால்:

முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். கிளார்ஜின் யு-100, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதை யு-40 (மி.லி.க்கு 40 யூனிட்) சிரிஞ்சில் எடுத்தால், 1 என்று கோடு காட்டும் இடத்தில் உண்மையில் 2.5 யூனிட் இருக்கும். யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் எடுத்தால் நேர்மாறு, பாதிகூடப் போகாது. 'இன்சுலின் வேலை செய்யவில்லை' என்று வருகிற கேஸ்களில் கொஞ்சம் இதில்தான் முடியும். ஈறில் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய வீக்கம், அரிப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு ஆகியவையும் இன்சுலினை மழுங்கடிக்கும்.

அதெல்லாம் இல்லை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதுதான். வேளைக்கு கிலோவுக்கு 2 யூனிட்டைத் தாண்டிவிட்டீர்கள், எடையும் ஏறுகிறது. கட்டி வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டுகிறது, அதைப் பார்த்துக் கல்லீரல் ஐஜிஎஃப்-1 சுரக்கிறது, வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்க்கிறது. அக்ரோமெகலி என்பது இதுதான். அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1,221 சர்க்கரை நோய்ப் பூனைகளைப் பரிசோதித்து 2015-இல் வந்த ஆய்வில் 26 சதவீதத்துக்கு ஐஜிஎஃப்-1 1,000-க்கு மேல் இருந்தது. முகம் அகலும், கீழ்த்தாடை நீளும், பாதம் பெருக்கும் என்றெல்லாம் புத்தகத்தில் இருக்கும். பல பூனைகளுக்கு எதுவுமே கண்ணில் படாது.

1,000-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் உறுதி. குறைவாக வந்தால்தான் ஏமாறுவோம்: இன்சுலின் ஆரம்பிக்காத பூனைக்கு ஐஜிஎஃப்-1 பொய்யாகக் குறைந்து காட்டும், ஏனென்றால் அதைச் சுரக்கக் கல்லீரலுக்கு இன்சுலின் தேவை. அவற்றுக்கு 6 முதல் 8 வாரம் ஊசி போட்ட பிறகு மறுபடி எடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது கான்ட்ராஸ்ட் ஏற்றிய சிடி அல்லது எம்ஆர்ஐ. சின்னக் கட்டி ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். மயக்க மருந்துக்கு முன் இதய எக்கோ கட்டாயம் கேளுங்கள். இந்தப் பூனைகளுக்கு இதயச் சுவர் தடித்திருக்கும், டிரிப்ஸ் கொஞ்சம் கூடினாலும் நுரையீரலில் நீர் கோத்துவிடும். குறட்டை விடுகிறானா? தொண்டைச் சதை தடித்திருந்தால் குழாய் போடுவது சிரமம், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரவுப்பூனை:

எந்த சிகிச்சை என்ற கேள்விக்கு: நோயைக் குணமாக்க வாய்ப்பு அதிகம் உள்ளது ஆபரேஷன்தான். வாய் வழியாக மெல்லண்ணத்தைக் கீறி, மேலே உள்ள எலும்பைத் துளைத்து சுரப்பியையே எடுத்துவிடுவார்கள். அனுபவமுள்ள குழுவிடம்கூட ஏறக்குறைய ஏழில் ஒரு பூனை முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை. தாண்டியவற்றில் பத்துக்கு ஏழு இன்சுலினே வேண்டாத நிலைக்கு வருகின்றன, சில நாட்களிலோ சில வாரங்களிலோ. சுரப்பி போய்விடுவதால் ஸ்டீராய்டும் தைராக்ஸினும் ஆயுள் முழுக்க. சிறுநீர் அளவுக்கு மீறிப் போவதைத் தடுக்கக் கண்ணில் விடும் டெஸ்மோபிரெசின் சொட்டு மருந்தைப் பல பூனைகளுக்குப் பிறகு நிறுத்திவிடலாம். ஸ்டீராய்டு வேளை தவறினால் பூனை சுருண்டுவிடும். மாத்திரை கொடுக்க விடாத பூனை என்றால் இதை இப்போதே யோசியுங்கள்.

குறிபார்த்துச் செலுத்தும் ரேடியேஷன் 1 முதல் 5 அமர்வில் முடியும். பெரும்பாலானவற்றுக்கு இன்சுலின் தேவை குறையும், ஊசியே நின்றுபோவது சுமார் மூன்றில் ஒன்றுக்குத்தான். பலன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது: சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். சுகர் நன்றாக இறங்கிய பிறகும் ஐஜிஎஃப்-1 உயரத்திலேயே நிற்கும், அதைப் பார்த்து சிகிச்சை தோற்றது என்று முடிவு கட்டாதீர்கள். கட்டி பெரிதாகி மூளையை அழுத்தினால் (மந்தம், வட்டமாகச் சுற்றுவது, பார்வை போவது, வலிப்பு) நான் ரேடியேஷன் பக்கம்தான் சாய்வேன்.

மருந்தில், மாதம் ஒருமுறை போடும் பாசிரியோடைட் ஊசி உண்மையிலேயே வேலை செய்கிறது. வயிற்றுப்போக்கு வரும். காபர்கோலின் மாத்திரை ஒரு ஆய்வில் பலன் தந்தது, இன்னொன்றில் தரவில்லை. வேறு வழி இல்லாதபோது முயலலாம், அதற்கு மேல் நம்பிக்கை வைக்க மாட்டேன். ஆக்ட்ரியோடைடில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மீசைக்காரன்:

சிரிஞ்ச் யு-100 தான், பார்த்துவிட்டேன். குறட்டை உண்டு. ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை ஊசியை ஏற்றிக்கொண்டே போகலாமா? இன்சுலினுக்குப் பதில் புதிதாக வந்திருக்கும் வாய்வழி மருந்துக்கு மாறலாமா?

வெள்ளைவால்:

மாற வேண்டாம். பெக்ஸாகிளிஃப்ளோசின், வெலாகிளிஃப்ளோசின் இரண்டும் சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும், ஆனால் உடம்புக்கு இன்சுலின் தராது. ஏற்கெனவே ஊசியில் இருக்கும் பூனைக்கு அதை நிறுத்தி இவற்றைக் கொடுத்தால் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரலாம். அப்போதும் மீட்டர் 180 காட்டும், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

இந்த நோயில் இன்சுலினுக்கு உச்சவரம்பு கிடையாது, 20 யூனிட்டைத் தாண்டும் பூனைகளும் உண்டு. ஆனால் ஏற்றுவது 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, ஒரு யூனிட்டுக்கு மேல் வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் சீராகச் சுரக்காது. இன்று 14 போதாமல் இருக்கும், நாளை அதே 14 சுகரைப் பாதாளத்துக்குத் தள்ளும். அதனால் 100-ஐத் துரத்தாதீர்கள், 150 முதல் 300-க்குள் நின்றால் போதும்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன் காது ஓரத்தில் குத்தி சுகர் பாருங்கள். வழக்கமாக 400 இருக்கும் பூனைக்கு திடீரென்று 180 வந்தால் அந்த வேளை ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். 60-க்குக் கீழே போனாலோ, தள்ளாடினாலோ, குளுக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஈறில் தேய்த்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டாலும் போய்க் காட்டுங்கள், கிளார்ஜின் பல மணி நேரம் நிற்கும்.

இரவுப்பூனை:

ஒன்று விட்டுப்போயிற்று. ரேடியேஷன் முடிந்த பிறகு இந்தக் காதுக் குத்தலை நிறுத்திவிடாதீர்கள். தேவை 14-லிருந்து 3-க்கு இறங்கும்போது முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. தோளில் ஒட்டும் சென்சார் கிடைத்தால் நல்லது, ஆனால் 40-க்குக் கீழே அது எண் காட்டாது, மீட்டரும் கையில் இருக்கட்டும்.