வருட இலக்குகளுக்குத் திட்டக் கொப்பி: திகதியிட்ட டயறியா, நாமே கோடிட்ட சீஆர் கொப்பியா?

ஹட்டன் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வரும் ஆண்டுக்கென மூன்று இலக்குகளை வைத்திருக்கிறேன்: பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு வாசிக்க வேண்டிய ஏறத்தாழ 800 பக்கங்களை முடிப்பது, 120,000 ரூபாய் சேமிப்பது, வாரத்தில் நான்கு நாளாவது மாலையில் நடப்பது. கடைகளில் கிடைக்கும் டயறிகளில் நாளுக்கு ஒரு பக்கம் இருக்கிறதே தவிர, வருட இலக்கை அந்த நாள்களோடு இணைப்பதற்கு இடம் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் எழுதிய இலக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. அன்றாடப் பக்கங்களைப் பெற்றோர் கூட்டமும் கரண்ட் பில்லும் நிரப்பிவிடுகின்றன. சீஆர் கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) ஒன்றை வாங்கி நானே கோடிட்டுக்கொள்ளலாமா? அப்படியானால், எந்தப் பக்கத்தில் எதை வைப்பது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று

சகோதரிக்கு வணக்கம். என் கருத்தில் நீங்களே கோடிடும் கொப்பிதான் சிறந்தது. காரணம் சிக்கனம் மட்டுமன்று. கடை டயறி எல்லா நாள்களுக்கும் ஒரே அளவு இடத்தைத் தருகிறது, ஆனால் ஓர் ஆசிரியையின் வருடத்தில் எல்லா வாரங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை.

எனவே இலக்குகளை எழுதுவதற்கு முன்பாக, நம்மால் அசைக்க முடியாத வாரங்களை வருடப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பொங்கலுக்கு ஒரு வாரம், மூன்று தவணைப் பரீட்சைகளின் விடைத்தாள் திருத்தத்துக்கு ஆறு வாரம், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, டிசெம்பர் கடைசியில் இரண்டு என்று வைத்தால் 12 வாரங்கள் போய்விடும். எஞ்சுவது 40. உங்கள் 800 பக்கங்களை 52 வாரங்களுக்குப் பங்கிடாமல் அந்த 40 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 20 பக்கம் என்ற கணக்கு வரும். தவணைத் திகதிகள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாறி வருவதால் அவற்றைப் பென்சிலால் மட்டும் குறியுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாள்களைப் பேனையாலேயே எழுதிவிடலாம்.

சேமிப்புக்கும் இதே முறைதான். மாதம் 10,000 என்று சமமாகப் பிரிப்பது தாளில் அழகாகத் தெரியும், ஆனால் ஜனவரி, ஏப்ரல், தீபாவளி மாதம் ஆகிய மூன்றிலும் அது நடக்காது. அந்த மூன்று மாதங்களுக்கு ஆயிரம் ரூபாய் வீதமும் மற்ற ஒன்பது மாதங்களுக்கு 13,000 ரூபாய் வீதமும் எழுதினால் கூட்டுத்தொகை அதே 120,000தான். நடைக்கு மழையையும் பாருங்கள்: உங்கள் பக்கத்தில் மே மாத இறுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை மாலைகளைப் பிடித்துக்கொள்ளும், எங்கள் பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஜூன், ஜூலை மாதங்களுக்கு வேறொரு நேரத்தையோ வேறொரு பயிற்சியையோ இப்போதே எழுதி வைப்பது நல்லது.

இனிப் பக்கங்களுக்கு வருவோம். 160 பக்கக் கொப்பியில் வருடத்துக்கு 4 பக்கம், மாதங்களுக்கு இரண்டிரண்டாக 24, வாரங்களுக்கு இரண்டிரண்டாக 104 என 132 பக்கங்கள் செலவாகும். மீதி 28 பக்கங்கள் மாத முடிவுக் கணக்குகளுக்கும் குறிப்புகளுக்கும் போதும். நாளுக்கு ஒரு பக்கம் தேவையே இல்லை. வருடப் பக்கத்தில் இலக்குகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டு, வாரப் பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வேலையின் ஓரத்திலும் அது எந்த இலக்கைச் சேர்ந்தது என்று அந்த இலக்கத்தைப் போடுங்கள். எதையும் சேராத வேலைக்கு ஓரம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டு வாரங்களாக ஓரத்தில் 1 என்ற இலக்கமே வரவில்லையென்றால், டிப்ளோமா வாசிப்பு நின்றுவிட்டது என்பதை நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் தேடும் இணைப்பு இதுதான். மற்றக் கோடுகளை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தலவாக்கலை கிளாக்கர்

டீச்சருக்கு வணக்கம். மேலே சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு, எழுதுபவன் என்பதால் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. நடையைப் போல நாள்தோறும் வரும் இலக்கைச் சொற்களால் எழுதிக்கொண்டிருந்தால் கொப்பி சலித்துவிடும். கொப்பியின் பின்பக்கத்தில் கீழ்நோக்கி 12 மாதங்களும் குறுக்காக 31 நாள்களும் கொண்ட கட்டங்களை அடிமட்டத்தால் கோடிட்டு, முழுமையாகச் செய்த நாளுக்கு ஒரு பேர் (தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலைப் பதிவை இப்படித்தான் சொல்வோம்), பாதி செய்த நாளுக்கு அரைப்பேர், செய்யாத நாளுக்கு வெறுங்கட்டம் என்று குறித்துவாருங்கள். கொழுந்து குறைந்ததற்காக அரைப்பேர் வாங்கியவர்களுக்கு அந்தச் சொல் கசக்கும் என்பதை நன்கு அறிவேன். ஆனால் இங்கே பேர் போடும் கணக்கப்பிள்ளையும் நீங்களே, ஆகவே பத்து நிமிடம் நடந்த நாளைத் தயங்காமல் அரைப்பேராக ஏற்றுக்கொள்ளலாம்.

செக்ரோலில் மாத முடிவுக் கூட்டல் இல்லாமல் சம்பளம் போட முடியாது. சொந்தக் கொப்பிகளில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது அந்தக் கூட்டலைத்தான். 32ஆவது நிரலாகக் கூட்டலுக்கு ஓர் இடத்தை இப்போதே ஒதுக்குங்கள்.

மஸ்கெலியா மலர்

எனக்கு இந்த 160 பக்கத் திட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாரந்தோறும் இரண்டு பக்கம் கோடிடுவதற்கே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய ஒரு பெரிய தாளில் வருடம் முழுவதையும் வைத்திருக்கிறேன். சேலை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். கொப்பியே வேண்டுமென்றாலும், அந்த வருடப் பக்கத்தை மட்டுமாவது பிரதி எடுத்து ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்படைகளின் இறுதித் திகதிகளுக்குக் கைப்பேசியில் அலாரம் வைப்பதும் தவறில்லை, ஏனெனில் தாள் ஒருபோதும் சத்தமிடாது.

இன்னொரு நடைமுறை விடயம்: நம் பக்கத்து ஈரத்தில் ஜெல் பேனை மை சுலபமாகக் கசியும், மெல்லிய தாளும் நெளிந்துவிடும். சாதாரண போல்பொயின்ட் பேனையும் பிளாஸ்டிக் உறையும் போதும்.

ஹட்டன் டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. அலமாரிக் கதவு யோசனையையும் எடுத்துக்கொள்கிறேன், மலர் அக்கா. ஒரேயொரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஒரு வாரம் 20 பக்கங்களை வாசிக்கவில்லையென்றால் அடுத்த வாரத்தில் 40 என்று எழுத வேண்டுமா?

ஊவாக்காற்று

வேண்டாம். அப்படி எழுதினால் மூன்றாவது வாரத்தில் 60 என்று நிற்கும், அதற்குப் பிறகு கொப்பியைத் திறக்கவே மனம் வராது. விடுபட்டதை அப்படியே விட்டுவிட்டு, மாத முடிவில் எஞ்சிய பக்கங்களை எஞ்சிய வாரங்களால் மீண்டும் வகுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கரோல் 2013இல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் முறையிலும் முடியாத வேலைகளை மாதம் மாறும்போது கையால் திரும்ப எழுத வேண்டும்; மீண்டும் எழுதும் சிரமத்துக்குத் தகுதியில்லாத வேலையை அடித்துவிட வேண்டும். எனக்கு அதில் பிடித்த பகுதி அந்தச் சிரமம்தான்.

அத்துடன், “வாசிப்பேன்” என்று மட்டும் எழுதாமல் “இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் மேசையில் அமர்ந்து நான்கு பக்கம்” என்று எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இத்தகைய திட்டங்களின் பயனை 1999இல் எடுத்துக்காட்டினார். பின்னர் 2006இல் சக ஆய்வாளர் ஷீரனுடன் சேர்ந்து 94 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் பலன் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. வாரத்தில் ஐந்து இரவுகள் போதும், 20 பக்கம் வந்துவிடும்.

ஜூன் இறுதியில் கணக்கு மிகவும் பின்தங்கியிருந்தால் வருடப் பக்கத்திலுள்ள 800ஐயே குறைத்துத் திருத்தலாம், ஆனால் பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, திருத்திய திகதியையும் அருகில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டுக் கொப்பிக்குக் கோடிடும்போது அந்தத் திகதி தேவைப்படும்.