லோ சுகர் வந்தால் இப்போது கை நடுங்குவதே இல்லை, அட்ரீனல் போய்விட்டதா?

கேள்வி (ராக்கோழி):
டைப் 1 சர்க்கரை நோய், 19 வருடமாக இன்சுலின். முன்பெல்லாம் 65க்கு இறங்கினாலே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். இப்போது மீட்டர் 48 காட்டுகிறது, நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறாமல், சந்தேகம் வந்து குத்திப் பார்த்ததில்தான் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் 'அட்ரீனல் களைத்துவிட்டது' என்று ஏதோ சத்து மாத்திரை சொல்கிறார். வாங்கலாமா?

பதில் (மூன்றாம் மாடி):
வேண்டாம். 'அட்ரீனல் களைப்பு' மருத்துவம் ஏற்ற நோயே இல்லை. சர்க்கரை இறங்கினால் உடம்பு முதலில் இன்சுலினைக் குறைக்கும், அப்புறம் 70க்குக் கீழே போகும்போது சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளூகோகானும், அட்ரீனல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் வரும்; நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் வேலைதான். நமக்கு ஊசியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது, குளூகோகான் பதிலோ நோய் வந்த சில வருடங்களிலேயே மங்கிவிடும், ஆக மிச்சம் இருக்கும் ஒரே காவல்காரன் அட்ரினலின்தான். அடிக்கடி லோ வந்தால் மூளை அதற்குப் பழகி அவனைத் தாமதமாக எழுப்புகிறது. ஒரே ஒரு லோ போதும், மறுநாள் லோவுக்கு அட்ரினலின் குறைவாகத்தான் வரும். பிலிப் கிரையர் என்ற மருத்துவர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்.

பதில் (சென்சார்தாசன்):
எனக்கும் இதே கதை. டாக்டர் டோஸைக் குறைத்து, மூன்று வாரம் 70க்குக் கீழே போகவே கூடாது என்றார். உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் அலாரத்தை 80ல் வைத்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு அது கத்தும்போது வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். நான்காவது வாரம் 66ல் கை நடுங்கியது. லோவுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நீங்களாக டோஸை மாற்றாதீர்கள், வண்டி எடுக்கும் முன் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

பதில் (பழைய நர்ஸ்):
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். வருடக்கணக்கான சர்க்கரையில் தானியங்கி நரம்புகள் (இதயத்துடிப்பு, வேர்வை போன்றவற்றைத் தானாக இயக்குபவை) கெட்டாலும் அட்ரினலின் குறையும், அது மூன்று வாரத்தில் திரும்பாது. பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒரு வகை மாத்திரை) சாப்பிட்டால் நடுக்கமும் படபடப்பும் மறையும், வேர்வை மட்டும் மறையாது. இன்னொன்று, டைப் 1 உள்ளவர்களில் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியே கெடும் அடிசன் நோயும் சேர்ந்து வரும், அதில் அந்தச் சுரப்பியின் கார்டிசால் ஹார்மோன் உண்மையாகவே குறையும். காரணமில்லாமல் இன்சுலின் தேவை குறைவது, எடை இறங்குவது, எழுந்தால் தலைசுற்றல், தோல் கறுப்பது இருந்தால் காலை கார்டிசால் பார்க்கச் சொல்லுங்கள்.

ராக்கோழி:
ரத்த அழுத்தத்துக்கு ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர்தான் சாப்பிடுகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை! ஆனால் வேர்வையும் நின்றுவிட்டதே, மாத்திரை மேல் மட்டும் பழி போட முடியாது. மீட்டரில் போன வாரத்தைப் புரட்டினேன், ஏழு நாளில் ஐந்து லோ, மூன்று ராத்திரியில். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், மீட்டரோடு.