அந்தப் பெட்டியில் டிபிஎம் இருந்ததா, இல்லையா?

செந்தூல்காரன் | சனி, இரவு 9.12

இன்று காலை எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் கணினி விளக்கக் கூட்டம் என்றார்கள். போனேன். பேச வந்த இளைஞர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்: "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்கு மாற, கணினியின் பாதுகாப்புச் சாவிகளைப் பூட்டி வைக்கும் டிபிஎம் சில்லு வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய எந்தக் கணினிப் பெட்டியிலும் அது கிடையாது. ஆகவே புதிதாக வாங்கிவிடுங்கள்."

மண்டபத்தில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். பக்கத்து நாற்காலி அம்மையார் அங்கேயே மகளுக்குத் தொலைபேசியில், "நம் கணினி செத்துவிட்டதாம்" என்கிறார். காலையில் அதில்தான் தேவாரம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

என் பெட்டி 2017-இல் வாங்கியது. இண்டெல் ஐ5-7500. வீட்டுக்கு வந்து விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, டிபிஎம்.எம்எஸ்சி என்று தட்டினேன். "பயன்படுத்தத் தயார், பதிப்பு 2.0" என்று வருகிறது. 2018-க்கு முன் கிடையவே கிடையாது என்றவர் வந்து பார்க்கட்டும், தேநீரும் தருகிறேன்.

பாயான்லெப்பாஸ் | சனி, இரவு 9.40

அந்த இளைஞரை எனக்குத் தெரியும். என்னிடம் பயிற்சி எடுத்தவர். அவர் சொன்னதில் பிழை இல்லை. "டிபிஎம் சில்லு" என்றார், உங்கள் பெட்டியில் சில்லு இல்லை. நீங்கள் பார்த்தது இண்டெலின் பிடிடி. தனிச் சில்லு செய்யும் வேலையைத் தாய்ப்பலகையின் உள் நிரலே செய்துகொடுக்கும் ஏற்பாடு அது. மூடியைக் கழற்றிப் பாருங்கள். டிபிஎம் என்று அச்சிட்ட இடத்தில் வெறும் ஊசிகள்தான் நிற்கும்.

அது இருக்கட்டும், உங்கள் பெட்டியில் 11 ஏறியதா?

செந்தூல்காரன் | சனி, இரவு 9.51

சாதாரணமாகக் கேட்டால் ஏறாது. ஆனால் அதற்குக் காரணம் டிபிஎம் இல்லை. ஐ5-7500 ஏழாம் தலைமுறைச் செயலி. 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் செயலிகளின் பட்டியல் இண்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இதை அந்த இளைஞர் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. டிபிஎம், டிபிஎம் என்று பஜனை பாடிவிட்டுப் போனார்.

வேடிக்கை கேளுங்கள். அதே ஏழாம் தலைமுறையின் ஐ7-7820எச்க்யூ பட்டியலில் இருக்கிறது. ஏன் தெரியுமா? மைக்ரோசாஃப்டின் சொந்தப் பெட்டியான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் அது உட்கார்ந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரார் பிள்ளைக்கு வேறொன்று.

நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள், தம்பி. என் பெட்டியில் டிபிஎம் இருந்ததா, இல்லையா?

பாயான்லெப்பாஸ் | சனி, இரவு 10.03

சில்லு இல்லை. பதில் சொல்லிவிட்டேன். எனக்கு 52 வயது, தம்பி என்று அழைக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் ஆசிரியை | சனி, இரவு 10.10

ஐயா, இருவருமே கொஞ்சம் பொறுங்கள். டிபிஎம் என்பது ஒரு பொருளின் பெயரா, அது செய்யும் வேலையின் பெயரா? கடவுச்சாவிகளைப் பூட்டி வைக்கிற வேலைதான் டிபிஎம் என்றால் செந்தூல் ஐயா சொல்வது சரி. தனியாகப் பதித்த சில்லுதான் என்றால் மற்றவர் சொல்வது சரி. அதை முதலில் முடிவு செய்துவிட்டால்

செந்தூல்காரன் | சனி, இரவு 10.12

ஆசிரியை சொன்னதைக் கேட்டீர்களா, நான் சொல்வது சரியாம்.

பாயான்லெப்பாஸ் | சனி, இரவு 10.20

என் பக்கத்தையும்தான் சரி என்றார். முழுதாகப் படியுங்கள். 1972-இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது எங்கள் பினாங்கில். சில்லு எது, சில்லு இல்லாதது எது என்று செந்தூலில் இருந்து எங்களுக்குப் பாடம் வர வேண்டியதில்லை.

செந்தூல்காரன் | சனி, இரவு 10.26

அங்கே சில்லைப் பொதிவார்கள், சோதிப்பார்கள். நல்ல வேலைதான், மரியாதை உண்டு. ஆனால் நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றுகிறவர் எல்லாம் கோழி வளர்த்தவர் ஆகிவிட மாட்டார்.

டிபிஎம் இருந்ததா, இல்லையா?

பெங்குவின் | சனி, இரவு 10.31

இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு? லினக்ஸுக்கு வாருங்கள். செயலியின் தலைமுறையை யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை | சனி, இரவு 10.38

உங்கள் பேச்சைக் கேட்டுப் போன ஆண்டு வந்தேன், தம்பி. பள்ளி அச்சுப்பொறி மூன்று மாதம் பேசவில்லை. தேர்வுத்தாளை எதிர்க்கடையில் நகலெடுத்த பணத்தை இன்னும் நீங்கள் தரவில்லை.

பெங்குவின் | சனி, இரவு 10.40

அச்சுப்பொறியின் குற்றத்துக்கு நான் பொறுப்பா?

பாயான்லெப்பாஸ் | சனி, இரவு 10.55

நாசி கண்டாரை இழுத்ததால் சொல்கிறேன், கோலாலம்பூரில் அந்தப் பெயரில் கிடைப்பதை எங்கள் ஊர்ப் பூனைகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 7.05

காலையில் எழுந்ததும் இதைப் பார்க்கிறேன். கேள்வி டிபிஎம், பதில் பூனை.

சரி, ஒரு சான்று தருகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது எட்டாம் தலைமுறைப் பெட்டி, 2019-இல் வாங்கியது. "டிபிஎம் இல்லை" என்று திரையில் வந்ததாம். நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார். 180 ரிங்கிட். ரசீதில் "டிபிஎம் பொருத்தியது" என்று எழுதியிருக்கிறது. நேற்று இரவு நான் போய் மூடியைத் திறந்தேன். ஊசிகள் வெறுமையாக நிற்கின்றன! கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலான பயோஸில் பிடிடி அணைத்து வைத்திருந்ததை ஒரு சொடுக்கில் இயக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பல தாய்ப்பலகைகள் அதை அணைத்த நிலையில்தான் விற்பனைக்கு வந்தன. இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு 11 குழந்தைபோல ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆக, சில்லே இல்லாமல் டிபிஎம் இருக்கும். வாதம் முடிந்தது.

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, காலை 8.30

எங்கே முடிந்தது? சில்லு பொருத்தாமலே பொருத்தியதாக ரசீது கொடுத்ததைத்தானே மோசடி என்கிறீர்கள்? பிடிடிதான் டிபிஎம் என்றால் அந்தக் கடைக்காரர் டிபிஎம் கொடுத்துவிட்டார், 180 ரிங்கிட் நியாயம். மோசடி என்றால் அது டிபிஎம் இல்லை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 8.34

விளக்கின் சுவிட்சைத் தட்டிவிட்டு "விளக்குப் பொருத்தியது" என்று ரசீது எழுதினால் நீங்கள் பணம் கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள்போல. விலாசம் அனுப்புங்கள், நாளையே வந்து தட்டித் தருகிறேன்.

பழைய முரசுக்காரன் | ஞாயிறு, காலை 9.15

உங்கள் டிபிஎம் எப்படியோ போகட்டும். 11-ஐப் புதிதாக நிறுவினேன், சங்க மலரின் பக்கங்கள் எல்லாம் உருமாறிவிட்டன. லதா எழுத்துருவைக் காணோம். தமிழ் எழுத்தையே தூக்கிவிட்டார்களா?

பட்டர்வொர்த் ஆசிரியை | ஞாயிறு, காலை 9.40

தூக்கவில்லை, ஐயா. லதாவும் விஜயாவும் இப்போது விருப்பக் கூறுகள் பட்டியலில் இருக்கின்றன. அமைப்புகளுக்குள் போய், அந்தப் பட்டியலில் தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். எனக்கும் வினாத்தாள் இரண்டு பக்கம் மூன்று பக்கமானது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன, தனியாக எதையும் ஏற்ற வேண்டாம்.

பழைய முரசுக்காரன் | ஞாயிறு, காலை 9.52

வந்துவிட்டது, நன்றி. அஞ்சல் இருக்கும்போது தமிழ்99-ஐ ஏன் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. அஞ்சல் பிறந்த முரசு மென்பொருளை முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கியது நம் நாட்டில். நம் வீட்டுச் சோறு இருக்க…

பட்டர்வொர்த் ஆசிரியை | ஞாயிறு, காலை 9.58

அஞ்சலில் ஆங்கில ஒலியை நினைத்துத்தான் தமிழைத் தட்ட வேண்டியிருக்கிறது. என் மாணவர்களுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

பழைய முரசுக்காரன் | ஞாயிறு, காலை 10.01

முப்பது ஆண்டுகளாகத் தட்டுகிறேன், என் தமிழ் ஒன்றும் ஆங்கிலமாகிவிடவில்லை.

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, பிற்பகல் 2.10

செந்தூல் அன்பர் இன்னொன்றை மறைக்கிறார். தம் ஏழாம் தலைமுறைப் பெட்டியில் 11-ஐ ஏற்றிவிட்டதாகப் போன மாதம் வேறொரு இழையில் மார்தட்டினார். எப்படி ஏற்றினார் என்று சொல்லச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.31

மறைப்பதற்கு நான் என்ன திருடினேனா? விண்டோஸ் பதிவேட்டில் ஒரு மதிப்பைச் சேர்த்தால் செயலிச் சோதனையைத் தாண்டலாம். அந்த வழியை மைக்ரோசாஃப்டே தன் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. அதற்கும் குறைந்தது டிபிஎம் 1.2 வேண்டும். என் பெட்டி தாண்டியது. அப்படியென்றால் என் பெட்டியில்? சொல்லுங்கள், வாய் வலிக்காது.

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, பிற்பகல் 2.47

குறுக்கு வழியில் ஏறியவருக்கு ஆண்டுப் பதிப்புகள் தாமாக வராது, ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது பழைய இண்டெல் கோர் 2 செயலிப் பெட்டிகள் நின்றன. அவற்றில் இல்லாத செயலிக் கட்டளைகளை அந்தப் பதிப்பு கட்டாயமாகக் கேட்டது, பதிவேட்டில் எதை எழுதியும் பயன் இல்லை. உங்கள் செயலிக்கு அந்த நாள் வரும்போது இங்கே வந்து அழாதீர்கள். அதற்கு விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருக்கலாம். 2026 அக்டோபர் 13 வரை. 30 அமெரிக்க டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் இலவசம்.

செந்தூல்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.55

அருமை! இந்த இலவச வழியை உங்கள் மாணவர் மண்டபத்தில் சொன்னாரா? "புதிதாக வாங்குங்கள்" என்றுதானே சொன்னார்? அந்த அம்மையாரின் மகள் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 2015-இல் எல்லாரையும் 10-க்கு மாறச் சொல்லி இதே இடத்தில், "இதுதான் கடைசி விண்டோஸ், இனி மாறவே வேண்டாம்" என்று எழுதியது யார்?

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, பிற்பகல் 3.02

மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே அந்த ஆண்டு மேடையில் சொன்னார். அவர் சொன்னதை நான் சொன்னேன்.

செந்தூல்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.04

யாரோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது. உங்கள் மாணவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

கெப்போங் வாசகன் | ஞாயிறு, இரவு 8.20

ஐயா, அவசரம். உங்கள் இருவரின் வாதத்தைப் படித்துவிட்டு என் மடிக்கணினியில் இருப்பது சில்லா நிரலா என்று பார்க்க ஆசைப்பட்டேன். பயோஸுக்குள் போய் பிடிடியை அணைத்தேன். இப்போது விண்டோஸ் 11 திறக்கவில்லை. நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. நாளை காலை வேலைக்கு இது வேண்டும். என்ன செய்வது?

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 8.24

பார்த்தீர்களா! வட்டைப் பூட்டிய சாவி டிபிஎம்மில் இருந்தது, அதை அணைத்ததும் பூட்டு திறக்கவில்லை. டிபிஎம் இல்லாத பெட்டியா இப்படிக் கேட்கும்? இருந்தது, இருந்தது, இருந்தது.

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, இரவு 8.29

சில்லாக இருந்திருந்தால் பிடிடியை அணைத்ததும் ஏன் போனது? நிரல்தான் என்று அவரே நிரூபித்துவிட்டார். நன்றி, கெப்போங்.

கெப்போங் வாசகன் | ஞாயிறு, இரவு 8.33

ஐயா, அந்த எண் எங்கே கிடைக்கும்?

பட்டர்வொர்த் ஆசிரியை | ஞாயிறு, இரவு 8.41

தம்பி, கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழையுங்கள். சாதனங்கள் பகுதியில் மீட்பு எண் சேமிப்பாகியிருக்கும். திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டு, அதற்குரியதை மட்டும் தட்டுங்கள். இவர்கள் இருவரும் சொல்கிறார்கள் என்று பயோஸில் இன்னொரு முறை கை வைக்காதீர்கள்.

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 8.44

நான் எங்கே கை வைக்கச் சொன்னேன்? நான் கேட்டது ஒரே கேள்வி.

பாயான்லெப்பாஸ் | ஞாயிறு, இரவு 8.45

அதற்கு நேற்றே பதில் சொல்லியாகிவிட்டது.

பெங்குவின் | ஞாயிறு, இரவு 8.50

கெப்போங், எண் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். லினக்ஸ் நிறுவப் பத்து நிமிடம்தான்.