நீர்மட்டக் காட்டிக்கு மிக மலிவான மைக்ரோகண்ட்ரோலர் எது?

கேள்வி:
வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் 30 பேர் ஆளுக்கொரு நீர்மட்டக் காட்டி செய்யவிருக்கிறார்கள். தொட்டிக்குள் இறங்கும் நான்கு கம்பிகள், நான்கு எல்இடிகள், நிரம்பியதும் ஒலிக்க ஒரு பஸ்ஸர், இவ்வளவுதான் வேலை. ஆளுக்கோர் ஆர்டுயினோ ஊனோ என்பது கட்டுப்படியாகாது. படாக் பிஎம்எஸ்150சி, ஏடிடைனி13ஏ, சிஹெச்32வி003 ஆகிய மூன்று மைக்ரோகண்ட்ரோலர்களில் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு சிப்கள்) எதை வாங்கலாம்?

பதில் 1:
விலையை மட்டும் பார்த்தால் படாக்தான். ஆனால் பிஎம்எஸ்150சி-யில் ஒருமுறை எழுதிய புரோகிராமை அழித்து எழுத முடியாது; எல்இடி சரியாக மின்னுவதற்குள் ஒவ்வொரு மாணவரும் நாலைந்து சிப்பை வீணாக்கிவிடுவார்கள். ஏடிடைனி13ஏ-யின் 1 கேபி ஃபிளாஷும் (புரோகிராம் தங்கும் நினைவகம்) 64 பைட் ரேமும் (தற்காலிக நினைவகம்) இந்த வேலைக்குத் தாராளம் என்றாலும், அதன் எட்டுக் கால்களில் மின்னிணைப்பும் ரீசெட்டும் போக ஐந்துதான் மிஞ்சும். உங்களுக்கோ ஒன்பது வேண்டும்.

ஆகவே சிஹெச்32வி003-ஐ வாங்குங்கள். 48 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள, ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பில் இயங்கும் சிப், 16 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம் உண்டு, 3.3 வோல்ட், 5 வோல்ட் இரண்டிலும் ஓடும். டிஎஸ்எஸ்ஓபி எனும் சிறிய உறையில் வரும் 20 கால் வகையில் கால்களின் இடைவெளி 0.65 மி.மீ. மட்டுமே என்பதால், கை நடுங்கும் மாணவர்களுக்கு 1.27 மி.மீ. இடைவெளியுள்ள 16 கால் வகையே ஏற்றது. புரோகிராம் ஏற்ற லிங்க்-ஈ கருவி தேவை. பழைய லிங்க் கருவி இந்தச் சிப்பின் ஒற்றைக் கம்பி முறைக்கு உதவாது.

இன்னொன்று: கம்பிகளுக்கு எந்நேரமும் நேர்மின்சாரம் கொடுத்துவைத்தால் மின்பகுப்பால் விரைவில் அரித்துப்போகும். அளக்கும் கணத்தில் மட்டும் கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 16 கால் வகை வருவதற்குள் பழகிப் பார்க்கலாமென்று சிஹெச்32வி003-இன் 8 கால் வகையில் இரண்டு சிப் வாங்கினேன். தயாரிப்பாளரின் மாதிரி புரோகிராம் முதல் முறை சரியாக ஏறியது. அடுத்த முறை லிங்க்-ஈ சிப்பையே கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது சிப்பிலும் இதே கதை. எரிந்துவிட்டனவா?

பதில் 2:
எரியவில்லை. 8 கால் வகையில் பிடி1, பிடி4, பிடி5 (PD1, PD4, PD5) என்ற மூன்று உள்முனைகளும் 8-ஆம் காலிலேயே இணைந்திருக்கின்றன. பிடி1 வழியாகத்தான் புரோகிராம் ஏறுகிறது. மாதிரி புரோகிராமிலுள்ள யுஎஸ்ஏஆர்டி பிரிண்ட்எஃப் இனிட் (USART_Printf_Init) என்ற வரியோ பிடி5-ஐ சீரியல் வெளியீடாக, அதாவது கணினிக்கு எழுத்துச் செய்தி அனுப்பும் முனையாக, மாற்றிவிடுகிறது. விளைவாக, மின்சாரம் வந்த மாத்திரத்தில் சிப் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது.

தனி அடாப்டர் இருந்தால் கழற்றிவிட்டு, லிங்க்-ஈயின் 3.3 வோல்ட் முனையிலிருந்தே சிப்புக்கு மின்சாரம் கொடுங்கள். பிறகு லிங்க் யுடிலிட்டி மென்பொருளில், மின்சாரத்தைத் துண்டித்து ஃபிளாஷ் முழுவதையும் அழிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். கருவியே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்து, புரோகிராம் ஓடத் தொடங்குமுன் உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் அடாப்டர் கூடாது என்கிறேன். இனி அந்த வரியை நீக்கிவிட்டு, சோதனைக் காலத்தில், லிங்க்-ஈ உள்ளே புக அவகாசம் கிடைக்க, புரோகிராமின் தொடக்கத்தில் மூன்று விநாடித் தாமதம் வையுங்கள்.

கேட்டவர்:
அடாப்டரைக் கழற்றாமல் முயன்றபோது பலிக்கவில்லை; கழற்றியதும் இரண்டு சிப்புமே உயிர்பெற்றன. வரியை நீக்கியபின் ஆறேழு முறை ஏற்றிவிட்டேன், தடையில்லை.