அலைன்மென்ட் பண்ணியும் கார் இடது பக்கமே இழுக்குது, யாருக்காவது இப்படி ஆகிருக்கா?

ஈசூன்_எல்போர்டு:

வணக்கம் எல்லாருக்கும். நான் கார் ஓட்ட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, செகண்ட்ஹேண்ட் வண்டி, சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சிருக்க வாங்கற உரிமம்) இன்னும் 3 வருஷம்தான் பாக்கி, அதனால பெருசா செலவு பண்ண மனசு வரல. போன மாசம் மலாக்கா போயிட்டு வரும்போது மழை, ரோட்டுல தண்ணி நின்னுச்சு, அடியில குழி இருந்தது தெரியல, தொம்முன்னு இறங்குச்சு பாருங்க பின்னாடி தூங்கிட்டு இருந்த பிள்ளைங்க எல்லாம் எழுந்துடுச்சு. அதுக்கப்புறம் நேரா போகும்போதும் ஸ்டேரிங் கொஞ்சம் வலது பக்கம் திரும்பியே நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சு குனிஞ்சு பாத்தா முன் டயர் ரெண்டும் உள் ஓரத்துல மட்டும் மொட்டை, வெளிய இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கு!

சரின்னு டயர் கடைக்கு போயி முன்னாடி ரெண்டும் புது டயர், கூடவே அலைன்மென்ட், அதாவது சக்கரத்தோட கோணத்த சரி பண்றது, 50 வெள்ளி. இப்ப ஸ்டேரிங் நேரா இருக்கு, ஆனா பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல 80 போனா வண்டி மெதுவா இடது பக்கம் ஒதுங்குது. திரும்ப போயி கேட்டா பிரின்ட் அவுட்ட காட்டி "எல்லாம் பச்சை, ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. என்னை ஏமாத்திட்டாங்களா? இந்த அலைன்மென்ட் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவ பண்ணணும்? வீட்டுல "அந்த காசுக்கு பேசாம டாக்சியிலயே போயிருக்கலாம்"னு தினமும் கச்சேரி நடக்குது.

புக்கிட்பாத்தோக்_அப்பா:

நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ முன் டயர பின்னாடியும் பின் டயர முன்னாடியும் மாத்தி போடும்போதே அலைன்மென்ட்டும் பண்ணிடுவேன், யோசிக்கறதே இல்ல. இன்னொண்ணு தம்பி, நீங்க எந்த லேன்ல போனீங்க? மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டையே ஓரமா சாய்வா போட்டிருப்பாங்க, இடது ஓர லேன்ல எந்த வண்டியும் லேசா இடது பக்கம்தான் போகும். நம்ம ஊர்ல பெய்யற மழைக்கு அந்த சாய்வு இல்லன்னா அவ்ளோதான்.

காடி_பித்தன்:

10,000-க்கு ஒரு தடவையா? அண்ணே நீங்க டயர் கடைக்காரருக்கு தத்துப்பிள்ளை. என் வண்டி 4 வருஷமா அலைன்மென்ட் மெஷினையே பாத்ததில்ல, டயர் நாலும் சமமா தேயுது, ஸ்டேரிங் நேரா இருக்கு. ஆணி தானா கழண்டு ஓடிடுமா என்ன.

பழைய_ஸ்பேனர்:

இருபது வருஷத்துக்கு மேல ஊபி, காக்கி புக்கிட் பக்கம் வொர்க்‌ஷாப்ல கை கருப்பா ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஈசூன் தம்பி, உள் ஓரம் மொட்டை ஆனதுக்கு அந்த மலாக்கா குழி மேல பழி போடாதீங்க. ரெண்டு வாரத்துல டயர் அப்படி தேயாது. அது நீங்க வாங்கறதுக்கு முன்னாடி இருந்தோ, கார்பார்க்ல கேர்ப்ல, அதாவது ஓரக்கல்லுல, ஏத்துனதுல இருந்தோ மாசக்கணக்கா நடந்துட்டு இருந்திருக்கு, நீங்க குனிஞ்சு பாத்தது இப்பதான். எச்டிபி அடுக்குமாடி கார்பார்க்ல அந்த ஒடுக்கமான வளைவுல ஒரு தடவ கேர்ப்ல ஏத்தி இறக்கினாலே போதும். ஸ்டேரிங் கோணலானது வேணா குழியோட வேலையா இருக்கலாம்.

உள் ஓரம் தேயறதுக்கு பெரும்பாலும் காரணம் 'டோ'. நீங்க நின்னுகிட்டு குனிஞ்சு உங்க ரெண்டு பாதத்தையும் பாருங்க, கட்டைவிரல் ரெண்டும் உள்ள திரும்பி இருந்தா டோ-இன், வெளிய திரும்பி இருந்தா டோ-அவுட், சக்கரமும் அப்படித்தான். டோ-அவுட் அதிகமானா உள் ஓரம் போகும், டோ-இன் அதிகமானா வெளி ஓரம் போகும். எவ்ளோ சின்ன அளவுன்னு ஒரு கணக்கு சொல்றேன். டயர் உயரம் சுமாரா 600 மில்லிமீட்டர்னு வைங்க, அதோட முன் விளிம்பு பின் விளிம்பவிட வெறும் 1.5 மில்லி வெளிய தள்ளி நிக்குது, அப்போ 400-ல ஒரு பங்கு கோணல். நீங்க 1 கிலோமீட்டர் நேரா ஓட்டினா அந்த டயர் இரண்டரை மீட்டர் பக்கவாட்டுல ரோட்டை தேச்சுகிட்டே வருது. ஈசூன்ல இருந்து ஜூரோங் போயிட்டு வர்றதுக்குள்ள 100 மீட்டர் கிட்ட ரப்பர இழுத்திருப்பீங்க. கண்ணுக்கு தெரியாது. டயர் மேல உள்ளங்கைய வச்சு குறுக்கால தடவி பாருங்க, ஒரு திசையில வழுவழுன்னும் எதிர் திசையில ரம்பம் மாதிரி சொரசொரப்பாவும் இருந்தா டோ கெட்டுப்போச்சு, மெஷினே வேணாம். டயர் நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, அதுக்கு அலைன்மென்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. ஸ்டேரிங் 80, 90-ல நடுங்குதுன்னு அலைன்மென்ட் கேக்கறவங்களும் வருவாங்க, அது பேலன்சிங், சக்கரத்தோட கனத்த சமப்படுத்தறது, வேற வேலை.

இப்ப உங்க இழுப்பு. முன் சக்கரத்துல டோ மட்டும் தப்புன்னா வண்டி பொதுவா ஒரு பக்கமா இழுக்காது, ஓடும்போது ரெண்டு சக்கரமும் கோணலை பாதி பாதியா பங்கு போட்டுக்கும், ஸ்டேரிங் கோணலா நிக்கும், டயர் தேயும், அவ்ளோதான். ஒரு பக்கமா இழுக்குதுன்னா கேம்பர் (சக்கரம் உள்ள, வெளிய சாயற கோணம்), காஸ்டர் (ஸ்டேரிங் திரும்பற அச்சு முன்ன பின்ன சாயற கோணம்) ரெண்டும் இடது வலது எவ்ளோ வித்தியாசம்னு பாக்கணும். இங்கதான் அந்த "எல்லாம் பச்சை" கதை வருது. மெஷின்ல பச்சைன்னா அந்த சக்கரம் கம்பெனி குடுத்த எல்லைக்குள்ள இருக்குன்னு அர்த்தம், எல்லையே கொஞ்சம் அகலமாதான் இருக்கும். இடது சக்கரம் எல்லையோட இந்த ஓரத்துல, வலது சக்கரம் அந்த ஓரத்துல, ரெண்டும் பச்சை, ஆனா வண்டி இழுக்கும். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல போனா நான் நம்ப மாட்டேன். மேல் பக்கம் அதிகமா வெளிய சாஞ்சிருக்கிற சக்கரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் கம்மியா இருக்கிற பக்கமும் அப்படித்தான். இது தவிர ஒரு பக்க பிரேக் சரியா விடாம உரசிகிட்டு இருந்தாலும் இழுக்கும், ஓட்டிட்டு வந்து நிறுத்தி ரிம் கிட்ட கைய கொண்டு போங்க, தொடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அதுதான்.

ஆனா உங்க விஷயத்துல இழுப்பே புது டயர் போட்டப்புறம்தானே ஆரம்பிச்சுச்சு? மொதல்ல டயரைத்தான் சந்தேகப்படுவேன். புது டயர்லயே ரப்பருக்கு உள்ள இருக்கிற கம்பி பெல்ட் கொஞ்சம் ஒதுங்கி உக்காந்திருந்தா டம்ளர் உருளற மாதிரி ஒரு பக்கமா போகும். நாலு டயரும் ஆறியிருக்கும்போது காத்து சரி பாருங்க, அப்புறம் முன் டயர் ரெண்டையும் இடது வலது மாத்தி போட சொல்லுங்க, டயரோட பக்கவாட்டுல அம்புக்குறி போட்ட ஒரே திசை டயரா இருந்தா மட்டும் அப்படியே மாத்தக்கூடாது. மாத்தினதும் வலது பக்கம் இழுத்தா டயர் குத்தம். இன்னும் இடது பக்கமே இழுத்தா வண்டி குத்தம், குழியில சக்கரத்த தாங்கற லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைஞ்சிருக்கலாம். நிறைய சின்ன கார்ல முன்னாடி டோ மட்டும்தான் திருகி சரி பண்ண முடியும், கேம்பருக்கு இடமே இருக்காது, பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டார்ஷன் பீம்னா அளந்து பாக்கலாம் அவ்ளோதான். அதனாலதான் சக்கரத்த பிடிச்சிருக்கிற புஷ், டை ராட், பால் ஜாயின்ட் எல்லாம் லூசா இருக்கான்னு ஆட்டி பாக்காம மெஷின்ல ஏத்தறவன் கிட்ட நான் வண்டிய விட மாட்டேன். லூசா இருக்கறத அளந்து என்ன பண்றது, கடைய தாண்டி முதல் ஹம்ப்ல மாறிடும்.

எத்தனை கிலோமீட்டர்னு கேட்டீங்க. எனக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது, பித்தன் சொல்றது பாதி சரி. பலமா அடி வாங்கினா, அப்சார்பரோ ஆர்மோ டை ராடோ மாத்தினா, ஸ்டேரிங் கோணலா நின்னா, டயர் ஒரு ஓரமா தேஞ்சா, உடனே. புது டயர் போடும்போது அளந்து பாக்கறது நல்லது, பழைய கோணல் புது டயரையும் தின்னும். மத்தபடி மாசம் ஒரு தடவ ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சு வச்சு உள் ஓரத்த போன் லைட் அடிச்சு பாருங்க, காசே இல்ல. ஆனா பித்தன் தம்பி, ஆணி கழண்டு ஓடாது, ரப்பர் புஷ் வயசாகி தொய்ஞ்சு போகும், அதுவும் கோணத்த மாத்தும். 4 வருஷம்னா ஒரு தடவ பாத்துடுங்க.

காடி_பித்தன்:

சரிண்ணே பாக்கறேன். வர்ற மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற இருக்கு, டயர் பள்ளம் 1.6 மில்லிக்கு கீழ இருந்தா அங்கயும் திருப்பி அனுப்புவாங்க.

ஈசூன்_எல்போர்டு:

ஸ்பேனர் அண்ணே, உங்க கால எங்க! இன்னிக்கு வேற கடையில முன் டயர் ரெண்டையும் இடது வலது மாத்தி போட்டாங்க, 10 வெள்ளி. கடைய விட்டு வெளிய வந்த உடனே தெரிஞ்சிருச்சு, இப்ப வலது பக்கம் இழுக்குது! நடு லேன்லயும் ஓட்டி பாத்தேன், அதே கதைதான். அப்போ டயர்தானே? முதல் கடைக்கு போனா அவங்க மறுபடி பேப்பர நீட்டுவாங்களே.

பழைய_ஸ்பேனர்:

டயர்தான். பேப்பர பத்தி பேசாதீங்க, சண்டையும் போடாதீங்க. கடை ஆள பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டி காட்டுங்க, இடது வலது மாத்தினதும் இழுப்பும் மாறிச்சுன்னு சொல்லுங்க, வேலை தெரிஞ்சவங்கன்னா அந்த ஒரு வார்த்தையிலயே புரிஞ்சிடும். எந்த டயர்னு கண்டுபிடிக்க ஒண்ண மட்டும் பின்னாடி போட்டு பாத்தா போதும். ஸ்டேரிங்க விட்டுட்டு இழுக்குதான்னு எக்ஸ்பிரஸ்வேல சோதிக்கவே சோதிக்காதீங்க, சும்மா லேசா பிடிச்சாலே கைக்கு தெரியும்.

செங்காங்_அக்கா:

நடுவுல புகுந்து கேக்கறேன், என்னோடது எலக்ட்ரிக் கார், லேன்ல தானா பிடிச்சு வைக்கிற வசதி இருக்கு. அலைன்மென்ட் எந்த கடையிலயும் பண்ணலாமா?

பழைய_ஸ்பேனர்:

அக்கா, கோணம் அளக்கறதெல்லாம் ஒண்ணுதான். பேட்டரி கனத்துக்கும் முடுக்கு வேகத்துக்கும் டயர் சீக்கிரம் தேயும், டோ தப்பா இருந்தா இன்னும் சீக்கிரம். ஆனா பண்ணி முடிச்சதும் ஸ்டேரிங் சென்சார் ஜீரோ பண்ணணுமா, முன்னாடி கேமராவ சரி பாக்கணுமான்னு வண்டிக்கு வண்டி மாறும், கடையில ஏத்தறதுக்கு முன்னாடியே அத செய்ய கருவி இருக்கான்னு கேட்டுட்டு போங்க. இல்லன்னு சொன்னா அந்த கடை வேணாம்.

ஈசூன்_எல்போர்டு:

இடது பக்கம் முதல்ல போட்ட டயர்தான், பின்னாடி தள்ளினதும் இழுப்பு காணோம். கடையில ஓட்டி பாத்தாங்க, ஒண்ணும் பேசல, வேற டயர் மாத்தி குடுத்துட்டாங்க. வீட்டுல கச்சேரி இன்னும் முடியல, அது தனி.